பச்சையாக இருந்த குடுவை

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா, "காலேஜ்ல பாசி வளக்குது என் பொண்ணு" என்பாள். அம்மா மீன் விற்கிற பெரிய மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரி ஒருமுறை, "குளத்துல தானா வளர்றத வளக்குறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று கேட்டாள். அம்மா இறாலை உரித்துக்கொண்டே, "குளத்துல வளர்றது கண்ணுக்குத் தெரியுது. இது வளக்குறது தெரியாது. அதான்" என்றாள்.

நான் வளர்ப்பது நுண்பாசி. ஒரு சொட்டுத் தண்ணீரை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தால் பச்சைக் கடுகு சிந்தியதுபோலத் தெரியும். கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, குழல் விளக்குக்கு அடியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பேன். காலையில் போனதும் முதல் வேலை ஒவ்வொரு குடுவையையும் கையால் மெல்லச் சுழற்றிவிடுவது. சுழற்றாவிட்டால் அடியில் படிந்துவிடும். ஏரியிலும் ஆற்றிலும் கடலிலும் மீனுக்கும் இறாலுக்கும் முதல் சாப்பாடு இதுதான். இது கெட்டால் மேலே இருக்கிற எல்லாம் ஆட்டம் காணும்.

என் ஆராய்ச்சி, இந்தப் பாசியின் மேல் சில வேதிப்பொருட்களைச் செலுத்திப் பார்ப்பது. நைட்ரஜன் என்றதும் நமக்கு யூரியா நினைவுக்கு வரும். போட்டால் பயிர் வளரும். ஆனால் சாயம் செய்கிற இடங்களில் வேறு மாதிரி நைட்ரஜன் இருக்கிறது. அனிலின், நைட்ரோபீனால் என்று, கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையத்தில் நைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருட்கள். அவை எளிதில் உரமாகிவிடாது. பாசியின் உள்ளே போய்ப் பச்சையத்தைக் குலைக்கும், செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும். எந்த அளவில் என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி.

என் கணவர் தட்டாஞ்சாவடியில் ஒரு சாயத்தூள் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். நாங்கள் அரியாங்குப்பத்தில் இருக்கிறோம். காலையில் அவர் பைக்கில் என்னைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். கடையில் வாங்கிய சுத்தமான ரசாயனத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் போதாது, உண்மையான கழிவுநீரும் வேண்டும் என்று என் பேராசிரியர் சொன்னபோது, நாலைந்து இடங்களில் கேட்டுப் பார்த்தேன். யாரும் வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. கடைசியில் என் கணவர் தன் மேனேஜரிடம் கேட்டார். அவர் உடனே சரி என்றார். "படிக்கிற பொண்ணுக்கு உதவாம வேற யாருக்கு உதவுறது?" என்றாராம். வீட்டில் அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு நன்றி எனக்கு.

கழிவுநீரைக் கொண்டுவந்து, நல்ல நீரில் கொஞ்சமாகக் கலந்தது, இன்னும் கூடக் கலந்தது, அதற்கும் மேலே, கடைசியில் கலக்காமல் அப்படியே, என்று வரிசையாகக் குடுவைகள் வைத்தேன். ஒன்றில் கழிவுநீரே கிடையாது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. கொஞ்ச நாளில் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மிகக் கொஞ்சமாகக் கலந்த குடுவை, கழிவுநீரே இல்லாத குடுவையைவிட அடர்ந்த பச்சையாக இருந்தது. மற்றவை படிப்படியாக வெளிறின. கலக்காத நீரில் பாசி மஞ்சளாகித் திரிதிரியாக அடியில் கிடந்தது.

நஞ்சு மிகக் குறைவாக இருக்கும்போது உயிர் சில சமயம் வேகம் எடுக்கும். மிரண்ட மாடு ஓடுவதைப் போல. அது ஆரோக்கியம் இல்லை. புத்தகத்தில் படித்திருந்தாலும் என் கையில் நடந்தபோது குதிக்காத குறைதான். அன்று மாலை என்னை அழைத்துப்போக வந்த என் கணவரை லேபுக்குள்ளேயே கூட்டிப்போய், அந்த ஒரு குடுவையைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, உங்க கம்பெனி தண்ணியில எப்படி வளந்திருக்குன்னு!" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மற்ற குடுவைகளைப் பற்றியும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை.

கல்லூரியில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்த முடிவுகளைச் சுவரொட்டியாக வைத்தேன். நடுவில் எல்லாக் குடுவைகளும் வரிசையாக நிற்கிற என் புகைப்படம். மேனேஜர் ஒரு பிரதி கேட்பதாக என் கணவர் சொன்னார். உதவி செய்தவர் கேட்கிறார், கொடுக்காமல் இருப்பேனா? அழகாக அச்சடித்து, கீழே நன்றி என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகு சுற்றுச்சூழல் தினம் வந்தது. கம்பெனியில் விழா எடுக்கிறார்கள், நீ கண்டிப்பாக வரவேண்டும், உன்னைப் பேசவும் சொல்கிறார்கள், அத்தையையும் கூட்டிவரச் சொன்னார் மேனேஜர் என்று என் கணவர் சொன்னார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சலவைக்குப் போட்டு வாங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அம்மா அன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. மீன் வாசனை போகவேண்டும் என்று மஞ்சள் தேய்த்துக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே பேனர் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே பளபளவென்று பச்சை. என் குடுவைதான். என் புகைப்படம்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். வெளிறியதும் மஞ்சளானதும் இல்லை. அந்த ஒரு குடுவை மட்டும் தனியாக நின்றது. கீழே பெரிய எழுத்தில், "எங்கள் நீரில் உயிர் செழிக்கிறது. ஆராய்ச்சி சொல்கிறது." அதற்கும் கீழே என் பெயர், பட்டத்தோடு.

எனக்குக் காது சுட்டது. அம்மா பேனர் முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். என் பெயரை விரலால் தடவி, "மாப்பிள்ளை, இத ஒரு போட்டோ புடிங்க" என்றாள். என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் படம் இன்னும் என் கணவர் போனில் இருக்கிறது. அம்மா சிரிக்கிறாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த மேடைக்கு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலி முழுக்க அவரோடு வேலை பார்க்கிறவர்கள். பாதிப் பேர் எங்கள் தெரு. ஊரில் இருந்த பஞ்சு மில் மூடியபோது வேலை இழந்தவர்களின் பிள்ளைகள் பலர். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "நம்ம கம்பெனியால ஊரே கெட்டுப்போகுதுன்னு பேசுறவங்களுக்கு நம்ம வீட்டுப் பொண்ணே பதில் சொல்லியிருக்காங்க" என்றார். கைதட்டல். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். ஜூன் மாத வெயிலில், ஷாமியானாவுக்கு அடியில், கழுத்து நமநமக்கிற ஒரு சிவப்புச் சால்வை.

மைக் என் கையில் வந்தது. "இது வந்து, ரொம்பக் குறைஞ்ச செறிவுல மட்டும் பார்த்தது. செறிவு கூடும்போது வளர்ச்சி வீதம்..." என்று ஆரம்பித்தேன். லேபில் பேசுகிற பாஷைதான் வாயில் வந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. மரியாதையாகக் கேட்டார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் பேச்சு முடிந்தது என்று நினைத்துக் கை தட்டிவிட்டார்கள். முன்வரிசையில் அம்மா எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினாள். நான் உட்கார்ந்துவிட்டேன். தட்டில் வடையும் கேசரியும் வந்தன. சாப்பிட்டேன் என்பதுதான் இப்போதும் எனக்கு நம்ப முடியாமல் இருக்கிறது.

அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவில் எங்கள் பைக். பின்னால் உட்கார்ந்தபடி அவர் காதில் சொன்னேன்.

"அந்த போட்டோவ வெட்டிட்டாங்க."

"இன்னாது?"

"பேனர்ல இருக்குறது. பக்கத்துல செத்துப்போன குடுவைங்க இருந்துச்சுல்ல, அதையெல்லாம் எடுத்துட்டாங்க. உங்க தண்ணி அப்படியே ஊத்தினா பாசி செத்துப்போவுது. அதான் என் ஆராய்ச்சி."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு திரும்பினார். "நீதானே என்கிட்ட தூக்கிக் காட்டின? பச்சையா இருந்துச்சே! எவ்ளோ வளந்திருக்கு பாருங்கன்னு நீதானே சொன்ன?"

"ஆமாம்."

"நான் போய் எல்லார்கிட்டயும் சொன்னேன். சந்தோஷமா சொன்னேன்."

பின்னால் இருந்த டெம்போ ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவரை நான் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

மேனேஜரிடம் பேசுவது என்று முடிவு செய்தேன். அதைச் செய்யாமல் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். அந்த வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்க மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பகுதிக்குள் நுழைந்ததுமே, வாங்க வந்த யாரிடமோ அவள் பேசுகிற குரல் கேட்டது.

"முகத்துவாரத்து மீனுதான். இன்னாத்துக்கு பயப்படுற? தண்ணி நல்ல தண்ணின்னு என் பொண்ணே ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்கு. இந்தா பாரு."

விழாவில் கொடுத்த நோட்டீஸ் ஒன்றை, பேனரில் இருந்த அதே படம் போட்டது, ஐஸ் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தாள். தண்ணீர் படாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள்.

கொஞ்ச காலமாகவே முகத்துவாரத்தில் பிடிக்கிற மீனில் மருந்து வாசனை அடிக்கிறது என்று பேச்சு இருந்தது. கம்பெனி வாய்க்கால் எல்லாம் ஊர்ச் சாக்கடையோடு சேர்ந்து அங்கேதான் வந்து விழுகிறது. வாங்க வருகிறவர்கள் "ஆத்து மீனா, கடல் மீனா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அம்மாவிடம் இருப்பது பெரும்பாலும் மடவை. அது முகத்துவாரத்தில் படுகிற மீன். சேற்றின் மேலும் கல்லின் மேலும் படிகிற பாசியை மேய்ந்து வளர்வது. நான் சோதிக்கிற பாசியைத் தின்கிற மீன்.

அம்மா முன்னால் நின்றிருந்தவர்களில் ஒருவர் வயதான பெண்மணி. பிரெஞ்சுக்காரத் தெருக்களில் ஒன்றில் இருக்கிறவர். கணவருக்குப் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அம்மா அவரைப் பிரெஞ்சு மரியாதையில் "மதாம்" என்பாள். பல வருடங்களாக அம்மாவிடம் மடவை வாங்குபவர், இந்தப் பேச்சு கிளம்பியதும் நிறுத்தியிருந்தார். இப்போது மறுபடி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா, "வந்துட்டா பாருங்க மதாம்! நீங்களே கேளுங்க" என்றாள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதானா அது? நல்லது. உன்னை நம்பித்தான் முந்தாநாள் வாங்கினேன். லீவுக்கு வந்த பேரப்பிள்ளைங்களுக்கு வறுத்துக் கொடுத்தேன்."

நான் அம்மாவின் கையைப் பிடித்து ஐஸ் உடைக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அம்மா, அந்த நோட்டீஸ எடுத்துடு. அது உண்மை இல்ல."

"இன்னாடி சொல்ற? உன் பேரு போட்டிருக்கு."

"பேரு போட்டிருக்கு. நான் சொன்னது அது இல்ல. கம்பெனி தண்ணியில பாசி சாவுது. கொஞ்சூண்டு கலந்தா மட்டும் மொதல்ல வளரும். அத மட்டும் போட்டுட்டாங்க."

அம்மா என்னையே பார்த்தாள். அவள் கையில் இருந்து மீன் தண்ணீர் சொட்டியது. "அப்போ மேடையில ஏன் சொல்லல?"

"சொன்னேன். யாருக்கும் புரியல."

"எனக்கே புரியல. என் பொண்ணு பேசுறது எனக்கே புரியல." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் இத்தினி பேருகிட்ட பொய் சொல்லியா வித்தேன்?" என்றாள்.

கீழே கிடந்த ஐஸ் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"சரி, இத சொல்லு. அந்த மீன தின்னா ஆவுமா, ஆவாதா?"

"தெரியாதும்மா."

"தெரியாதா?"

"நான் பாசிய மட்டும்தான் பாத்தேன். மீன்ல இருக்கான்னு பாக்கல. இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"இத்தினி வருஷம் படிச்சிட்டு தெரியாதுன்ற." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. பிறகு தலையால் மதாம் பக்கம் காட்டினாள். "போய் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். என் வாயால நல்லதுன்னு சொல்லிட்டேன்."

போய்ச் சொன்னேன். லேப் பாஷை வராமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் படம் பாதிதான், மீதியைக் காட்டவில்லை, மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. "தெரியாதுன்னா அதுல உன் பேர ஏம்மா போட விட்ட?" என்றார். அம்மா தராசில் வைத்திருந்த மீனை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

பக்கத்துக் கடைக்காரி சும்மா இருக்கவில்லை. "உன் பொண்ணு வாய வச்சி எங்க எல்லார் பொழப்புலயும் மண்ணப் போடாத" என்று கத்தினாள். அம்மாவும் பதிலுக்குக் கத்தினாள். "அவ தெரியாதுன்னா தெரியாதுதான்! உனக்குத் தெரிஞ்சா நீ சொல்லேன்டி!" அவ்வளவு சண்டை போட்டவள் என் பக்கம் திரும்பியபோது, "நீ இங்க நிக்காத, வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னாள். நான் போகும்போது ஐஸ் பெட்டி மூடியிலிருந்து நோட்டீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சில நாட்கள் நான் போன் செய்தால் எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மாவை அவர் என்னைவிட நன்றாகக் கவனித்துக்கொள்கிறவர். நான் முடித்ததும், "எனக்கு மறுபடியும் காட்டு. இந்த வாட்டி எல்லாத்தையும் காட்டு" என்றார்.

லேபுக்குப் போனோம். முதலில் கழிவுநீர் இல்லாத குடுவையிலிருந்து ஒரு சொட்டு. "குண்டு குண்டா இருக்கு. ஒண்ணு ரெண்டா பிரியுது" என்றார் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி. அடுத்து அந்தப் பச்சைக் குடுவை. அதற்கடுத்து வெளிறியது, அதில் செல்கள் உப்பி, உள்ளே பச்சை ஓரமாக ஒதுங்கியிருந்தது. கடைசியில் கலக்காத நீர். உடைந்த ஓடுகள்தான் மிதந்தன. முகத்துவாரத்திலிருந்து எடுத்து வளர்த்த வேறு ஒரு பாசியையும் காட்டினேன். டயட்டம் என்று பெயர். கண்ணாடி போன்ற ஓடும் தேன் நிறமும் உள்ளது. மடவை அதிகம் மேய்வது இதைத்தான். பச்சைப் பாசி தாங்குகிற அளவைக்கூட இது தாங்கவில்லை. தண்ணீர் வெளியே பச்சையாகத் தெரியும்போதே இது காணாமல் போயிருந்தது.

அவர் நிமிர்ந்தார். "இதுல எங்க வாய்க்கால்ல போறது எது?"

கலக்காத குடுவையைக் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "சுத்திகரிப்புத் தொட்டியில காத்து ஊதுற மிஷின் ரிப்பேராகி ரொம்ப நாளாச்சு. தண்ணி அப்படியேதான் வாய்க்காலுக்குப் போவுது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்" என்றார். அன்றைக்கு அவமானம் எங்கள் இருவருக்கும் பொதுவானது.

மேனேஜரைப் பார்க்க இருவரும் சேர்ந்தே போனோம். அவர் டீ வரவழைத்தார். "அது நீங்க எடுத்த போட்டோதானே மேடம்?"

"ஆமாம் சார். பாதிய வெட்டிட்டீங்க."

"பேனர்ல இடம் பத்தல. அதுவுமில்லாம எல்லாத்தையும் போட்டா ஜனங்களுக்குக் குழப்பம் வரும்."

"என் பேரையாவது எடுத்துடுங்க."

"எதுக்கு மேடம்? உங்களுக்குப் பெருமைதானே?" உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். யாரும் தராதபோது எனக்குக் கழிவுநீர் கொடுத்த மனிதர் அவர். அந்த நன்றியை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவரிடம், முழு முடிவையும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன். என் கணவர், "அந்த மிஷினையும் சரி பண்ணிடலாம் சார்" என்றார். மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையில் அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது.

அனுப்பினேன். பேராசிரியரும் கையெழுத்துப் போட்டார். அதிகாரிகள் வந்து நீர் எடுத்துப் போனார்கள். தொட்டியைச் சரிசெய்யும்வரை வேலையை நிறுத்தச் சொன்னார்கள். பேனரை இறக்கிவிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கம்பெனி மூடியிருந்த அந்த நாட்களில் எங்கள் தெருவில் நடப்பது சுலபமாக இல்லை. காலையில் ஆண்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவரும் உட்கார்ந்திருந்தார். அவர்களோடு இல்லை, தனியாக. எதிர்வீட்டில் அவரோடு வேலை பார்த்தவரின் மனைவி, என்னோடு மாவு அரைக்க வருகிறவள், ஒரு நாள் என்னிடம் நேராகவே கேட்டாள். "பாசிக்காகவாக்கா?" நான், பாசி இல்லாவிட்டால் மீன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இடுப்பில் பிள்ளை இருந்தது. சொல்லவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கம்பெனி திறந்தது. காற்று ஊதும் மிஷின் ஓடுகிறது. என் கணவரை சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்து லோடிங்கில் போட்டார்கள். இரண்டு மாதம் மூட்டைக் கணக்குப் பார்த்துவிட்டு, சேதராப்பட்டில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது காலையில் அவர் ஒரு பக்கம் வேலைக்குப் போகிறார், நான் ஒரு பக்கம். நான் பஸ்ஸில் போகிறேன். வாய்க்கால் நீரை இன்னும் எடுத்துவந்து பார்க்கிறேன். பச்சைப் பாசி இப்போது அதில் சாவதில்லை. டயட்டம் வளரத் திணறுகிறது. வேறு எங்கெங்கிருந்தோ வருகிற நீரும் அதில் கலக்கிறது.

அம்மா ஒரு நாள் தானாகவே லேபுக்கு வந்தாள். வாட்ச்மேன் போன் செய்து, உங்களைத் தேடி மீன்காரம்மா வந்திருக்காங்க என்றார். கேட்டில் கூடையோடு நின்றிருந்தாள். ஐஸில் பொதிந்த மடவை. "முகத்துவாரத்துல விடியக்காலம் புடிச்சது. இதுல இருக்கான்னு பாரு" என்றாள். வேதியியல் துறையில் என் தோழியிடம் மீனைச் சோதிக்கிற கருவி இருக்கிறது. அவளிடம் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தால் போதாது, பல இடத்து மீன், பல பருவத்து மீன் வேண்டும் என்றாள். அம்மாவிடம் சொன்னேன்.

"அதுவரைக்கும் நான் கேக்குறவங்களுக்கு இன்னா சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லும்மா."

இப்போது அப்படித்தான் சொல்கிறாள். "என் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கு. இன்னும் தெரியல. பயமா இருந்தா கடல் மீனு எடுத்துக்க." சிலர் கடல் மீன் வாங்குகிறார்கள். சிலர் அதைக் கேட்டும் மடவையே வாங்குகிறார்கள். பக்கத்துக் கடைக்காரி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது மதாம் வந்தார். மடவையைத் தொடாமல், கடலில் பிடித்த சங்கரா மீன் எடுத்தார். அம்மா செதில் தேய்க்கும் வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மதாம்" என்றேன்.

சரி என்பதுபோலத் தலையசைத்தார். மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வழுக்கும் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து போனார்.